நூல் யாருடையது? நிழல் எழுத்தாளரும் சொல்பவரின் உரிமையும்

திருவிளையாடற் புராணத்தில் வரும் தருமியின் கதையை நாம் அறிவோம். இறைவன் எழுதித் தந்த பாடலைப் பொற்கிழி பெறும் ஆவலுடன் பாண்டியன் அவைக்கு எடுத்துச் செல்கிறார் தருமி. நக்கீரர் அதில் பொருட்குற்றம் காண்கிறார். தருமியால் மறுமொழி கூற இயலவில்லை. எழுதியவரே அவைக்கு வந்து வாதிட வேண்டியதாயிற்று. அப்பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் இறையனார் பெயரிலேயே வழங்குகிறது.

பிறர் எழுதித் தந்ததைத் தம்முடையது என்று அவையில் வைப்பவர், அதைக் குறித்த வினாவுக்கு விடை கூற வல்லவராக இருத்தல் வேண்டும் என்பதே இக்கதையிலிருந்து நான் கொள்ளும் பாடம். நிழல் எழுத்தாளரைக் கொண்டு நூல் ஆக்குவோர்க்கு இஃது இன்றும் பொருந்தும்.

நிழல் எழுத்தாளர் யார்?

ஆங்கில வழக்கில் 'கோஸ்ட் ரைட்டர்' எனப்படுபவரையே நிழல் எழுத்தாளர் என்கிறேன். ஒருவர் கூறும் செய்திகளைக் கேட்டு, அவர் பெயரிலேயே நூலாக்கித் தருபவர் இவர். சிதறிய நினைவுகளை வரிசைப்படுத்துதல், இயல்களை வகுத்தல், வாக்கியங்களை ஆக்குதல் ஆகியவை இவருடைய உழைப்பு. சொல்வதற்கு நீண்ட வாழ்வு இருந்தும் எழுதப் பயிற்சி இல்லாத முதியவர்கள் நம்மிடையே பலர். அவர்களுடைய அனுபவம் அவர்களோடு மறைந்துவிடாமல் காக்க இம்முறை உதவுகிறது.

மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். பள்ளிக் கட்டுரையிலும் பட்ட ஆய்வேட்டிலும் மதிப்பிடப்படுவது எழுதுபவரின் திறன். அவற்றைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தல் ஏமாற்று. தன்வரலாற்றில் வாசகர் நாடுவது சொல்பவரின் வாழ்வை. ஆகவே அங்கே எழுத்துத் துணை பெறுவது இழுக்காகாது.

சட்டம் கூறும் உரிமை

பணம் கொடுத்தவருக்கே நூல் சொந்தம் என்று பலரும் எண்ணுகின்றனர். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்துப் படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதனை எழுதியவரே. அவர் சம்பளம் பெறும் ஊழியராக இருந்து, தம் பணியின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளியைச் சேரும். தனித்து இயங்கி ஊதியத்துக்கு எழுதித் தருபவர் ஊழியர் அல்லர். எனவே வேறு உடன்பாடு இல்லையெனில், உங்கள் வாழ்க்கை வரலாற்றின் பதிப்புரிமை அவரிடமே தங்கிவிடும்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாறானது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்ட படைப்பின் உரிமை, விலக்கும் உடன்பாடு இல்லாதவரை, எழுதச் சொன்னவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஜொகூர் பாலத்தின் இரு முனைகளிலும் விதி வேறு. சொல்பவர் ஓரிடத்திலும் எழுதுபவர் மற்றோரிடத்திலும் இருப்பின், எழுத்துவழி ஒப்பந்தம் இன்றியமையாதது.

நிகழ்ச்சிகளுக்கும் கருத்துகளுக்கும் பதிப்புரிமை இல்லை. அவற்றை வெளியிட்ட சொல்வடிவத்துக்கே உண்டு. 'என் கதைதானே' என்னும் எண்ணம் சட்டத்தின்முன் போதாது. இவ்வுரிமை எழுதியவர் மறைந்த பின்னும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் மலேசியாவில் 50 ஆண்டுகளும் நீடிக்கும். இன்று கையொப்பம் பெறத் தவறினால், பாட்டியின் நூலை மறுபதிப்புச் செய்யப் பேரப்பிள்ளைகள் எழுதியவருடைய வாரிசுகளைத் தேடிச் செல்ல நேரிடலாம்.

ஒப்பந்தத்தில் இவை தெளிவாக இருக்கட்டும்: பதிப்புரிமை யாருக்கு, எப்போது மாறுகிறது, ஒலிப்பதிவுகளும் வரைவுகளும் யாரிடம் இருக்கும், பணி இடையில் நின்றால் அதுவரை எழுதியவை யாருக்கு, இறுதிப் படிக்கு ஒப்புதல் தருபவர் யார், எழுதியவர் பெயர் நூலில் இடம்பெறுமா. சிங்கப்பூரின் புதிய சட்டம், படைப்பாளர் தம் பெயர் குறிப்பிடப்பெறும் உரிமையை அளித்துள்ளது. பெயர் வேண்டாம் என்று எழுதுபவர் இசைந்தால் அவ்விசைவையும் எழுத்தில் பெறுதல் நன்று. 'சொல்லக் கேட்டு எழுதியவர்' என்று உள்பக்கத்தில் குறிப்பிடுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. அதனால் சொல்பவரின் பெருமை குறைவதில்லை.

மொழியில் இழக்கும் உரிமை

ஒப்பந்தம் செவ்வையாக இருந்தும் நூல் கைநழுவக்கூடும். தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வெவ்வேறு பணிகளுக்கு உரியவை. இத்தகைய நிலையை மொழியியலாளர் பெர்குசன் 1959இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினார். தமிழில் ஒருவர் சொல்வதை எழுதுவதென்பது ஒருவகை மொழிபெயர்ப்பே. நிழல் எழுத்தாளர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்பவருக்காக ஒரு முடிவெடுக்கிறார்.

தோட்டத்தில் வளர்ந்த அம்மையார் ஒருவரின் நினைவுக் குறிப்புகளைப் பார்வையிடும்படி அவர் மகன் என்னைக் கேட்டார். ஒலிப்பதிவில் அவர் கூறியது இது: "விடியக்கால பசியாறிட்டு பெரட்டுக்குப் போவோம். பேரு கூப்பிட்டதும் பால்மரம் வெட்டப் போயிருவோம்." கையெழுத்துப் படியில் இருந்ததோ: "அதிகாலையில் சிற்றுண்டி அருந்தி, வருகைப் பதிவிற்குச் சென்று, பின்னர் இரப்பர் மரங்களைச் சீவச் செல்வோம்." இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படித்துக் காட்டியபோது அம்மையார் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ டீச்சரு பேசுற மாதிரி இருக்கு."

வினைமுடிவுகளையும் ஒலியையும் எழுத்து வழக்குக்கு மாற்றிச் சொற்களை அப்படியே விட்டோம்: "விடியற்காலையில் பசியாறிவிட்டுப் பெரட்டுக்குச் செல்வோம். பெயர் கூப்பிட்டதும் பால்மரம் வெட்டப் போய்விடுவோம்." பசியாறுதல், பெரட்டு, பால்மரம் ஆகியவை இம்மண்ணில் நிலைத்த தமிழ்ச் சொற்கள். அவற்றை நீக்கினால் அம்மையாரின் தோட்டமே நூலிலிருந்து நீங்கிவிடும்.

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றும் அப்படியில் இருந்தது. தம் தந்தையைப் பற்றி அம்மையார், "நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனாராம்" என்றார். படியில் 'கப்பல் ஏறினார்' என்று இருந்தது. 'ஆம்' என்னும் ஈறு, 'நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது' என்பதைத் தெரிவிக்கும். அவ்வீறு மறைந்ததும் கேள்விச் செய்தி கண்ட செய்தியாகிறது. அம்மையார் தாம் அறியாத ஒன்றுக்குச் சான்று பகர்ந்தவராகிறார். நாளை ஒருவர், 'அஃது உங்களுக்கு எவ்வாறு தெரியும்?' என்று வினவினால் அவரும் தருமியைப் போலவே நிற்க வேண்டியிருக்கும்.

நடைமுறை

ஒவ்வோர் இயலும் முடிந்தவுடன் அதனைச் சொன்னவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். 'இது நான் சொல்லும் சொல்லா? இதை நான் கண்டேனா, கேட்டேனா? இதைக் குறித்துக் கேட்டால் விடை சொல்வேனா?' என்னும் மூன்று வினாக்களை அவர் எழுப்பிக்கொள்ள வேண்டும். ஒலிப்பதிவின் ஒரு படி அவர் வீட்டில் இருக்கட்டும். ஐயம் எழும்போது அதுவே சான்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவும் ஆக்கலாம். மாணவர்கள் தம் தாத்தா பாட்டியின் பேச்சை இசைவு பெற்று ஐந்து நிமிடம் பதிவுசெய்து, எழுத்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டட்டும். அவர்கள் திருத்தும் இடங்களை மாணவர்கள் குறித்துக்கொண்டு வரட்டும். இரட்டை வழக்கைப் பற்றி ஒரு பாடவேளையில் நான் கற்பிக்கக்கூடியதைவிட மிகுதியாக அத்திருத்தங்கள் கற்பிக்கும். ஒரு குடும்பத்தின் வரலாற்றில் ஒரு பக்கமும், அதற்கு உரியவரின் ஒப்புதலோடு, எழுதப்பட்டிருக்கும்.