மறந்துபோச்சா? மூக்கைக் கேளுங்க!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் குடோன்கள் இருக்கும் தெருவுக்குள் வெளியூர்க்காரர் நுழைந்தால், ஒரு நிமிடம் நின்று மூச்சை நன்றாக இழுப்பார். உள்ளூர்க்காரரோ, ‘வாசனையா... எங்கே?’ என்பார். குடோனுக்குள் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு, வேலை தொடங்கிய சில நிமிடங்களிலேயே மணம் தெரியாமல் போய்விடும். மூக்கில் கோளாறு எதுவும் இல்லை. மாறாமல் இருக்கும் ஒன்றை, ‘தெரிஞ்ச சங்கதிதான்’ என்று மூளை ஒதுக்கிவிடுகிறது.

மறதியும் ஏறக்குறைய இப்படித்தான். விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தூக்குவாளியில் என்ன குழம்பு இருந்தது? சிரிப்பார்கள். ஒரே மாதிரி நாட்கள் ஒன்றோடு ஒன்று கலந்து, ஒரே நாளாகிவிடுகின்றன. எல்லாச் செவ்வாய்க்கிழமைகளையும் தனித்தனியாக வைத்திருந்தால், தேவையானதைத் தேடி எடுக்கவே முடியாது.

ஆனால், பக்கத்தில் இருக்கும் கம்பம்காரர்களிடம் 2023 மே 27-ம் தேதி பற்றிக் கேட்டால் கதையே வேறு. போடிமெட்டைத் தாண்டி இருக்கிற சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, அன்று கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. எந்தத் தெருவில் நின்றோம், யார் கதவைச் சாத்தினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பயமோ மகிழ்ச்சியோ பொங்கும்போது, மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகேம்பஸுக்கு, ‘இதை அழுத்தமாகப் பதிவு செய்’ என்று உத்தரவு போகிறது. புது நினைவுகளைப் பதிவதுதான் ஹிப்போகேம்பஸின் வேலை.

அழுத்தமாகப் பதிந்ததாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று சத்தியம் செய்யவும் முடியாது. 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே கேள்வி. பலருடைய பதில் மாறியிருந்தது, நம்பிக்கை மட்டும் துளியும் குறையவில்லை. கணவன் மனைவி சண்டையில் ‘நீ அன்னிக்கு இப்படித்தான் சொன்னே’ என்பதை இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்!

உணர்ச்சி ஒட்டாதவை எவ்வளவு வேகமாகக் கரையும்? ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னை வைத்தே அளந்து, 1885-லேயே வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காலி.

ஆனாலும் மறந்ததெல்லாம் அழிந்தது அல்ல. நினைவு உள்ளே இருக்கும், இழுக்கும் நூல்தான் கைக்கு அகப்படாது. அந்த நூலாக அமைவதில் வாசனைக்கு ஈடு இல்லை. காணும் காட்சியும் கேட்கும் ஒலியும் தலாமஸ் என்ற சந்திப்பு வழியாகத்தான் மூளையின் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், நேராக அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பக்கம் போய்விடுகிறது. சின்ன வயதில் போடியை விட்டு திருப்பூருக்கோ சென்னைக்கோ போனவர், பல வருடம் கழித்து ஏலக்காய் மூட்டை பக்கத்தில் நிற்கும்போது, பாட்டியின் சேலைத் தலைப்பு வரை ஞாபகம் வருவது இதனால்தான். ஊரிலேயே இருப்பவருக்கு அது வராது. தினமும் நுகர்ந்து, வாசனை எல்லா நாட்களுக்கும் பொதுவாகிவிட்டது.

2007-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை நடந்தது. படங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கற்கும்போது ரோஜா மணம் கொடுத்தார்கள். ஆழ்ந்து தூங்கும்போது அதே மணத்தை மறுபடி கொடுத்தார்கள். மறுநாள் ஞாபகம் கூடியிருந்தது. உடனே பிளஸ் டூ பிள்ளையின் தலையணைக்கு அடியில் ஏலக்காயை வைத்துவிடாதீர்கள். படிக்கும்போது அந்த மணம் இல்லாதவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. பிள்ளையை நேரத்துக்குத் தூங்க விடுவது அதைவிடப் பெரிய உதவி. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான்.

மூக்குக்கும் ஞாபகத்துக்கும் உள்ள இந்த நெருக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அல்சைமர் நோய் ஆரம்பத்தில் தாக்குகிற இடங்களும் இவைதான். அதனால், மறதி வெளியே தெரிவதற்கு முன்பே சிலருக்கு வாசனை அறியும் திறன் குறைகிறது. வாசனை குறைந்தாலே அல்சைமர் என்று பயப்பட வேண்டாம். சளி, கோவிட், புகைப்பழக்கம், வயது என்று காரணங்கள் பல. ஞாபக மறதியும் கூடவே வந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சாவியை வைத்த இடம் மறப்பது சாதாரணம். சாவி எதற்கு என்பதே குழம்பினால் சாதாரணம் இல்லை. நாற்பது வருடமாக வைத்த பாயசத்தில் எதற்கு அடுத்து எது என்று தடுமாறுவது, சொந்தத் தெருவில் வழி தவறுவது, பதில் கேட்ட ஐந்தாவது நிமிடம் அதே கேள்வியைக் கேட்பது... இதையெல்லாம் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று வீட்டில் மூடி மறைப்பதுதான் நடக்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மருத்துவரிடம் போக இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை.