அரக்கோணத்து அறிவும் பாட்டின் பத்திரமும்

நூலகத்தில் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும். உள்ளே அணிந்துரை தந்தவர் பெயர் பட்டங்களோடு இருக்கும். நாற்று நடும்போது அந்தப் பாட்டைக் கட்டிய அம்மாவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தமிழ் முதுகலை வகுப்பில் நாம் படித்த தாலாட்டும் ஒப்பாரியும் இப்படி ஆள் இல்லாத பாட்டாகத்தான் வந்து சேர்ந்தன. 'ஆசிரியர் அறியப்படாத மக்கள் இலக்கியம்' என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அறியப்படவில்லையா, கேட்கப்படவில்லையா என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

நம் மாவட்டத்து அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டுப் பயணத்தைப் பற்றி எழுத உட்காரும்போது இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பொறியியல் படித்தவர் அறிவு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முறையாக மேடையேறியபோது அதில் ஒருவராக நின்றார். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானா, பறை, ராப் மூன்றும் ஒரே மேடையில் ஒலித்தன. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று கச்சேரி மேடைகள் தொடாத விஷயங்களை அந்தப் பிள்ளைகள் பாடினார்கள்.

ராப் வெள்ளைக்காரர் இறக்குமதி என்று நினைப்பவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. 1973இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளில் பிறந்தது ஹிப் ஹாப். இசைக் கருவிக்குக் காசில்லாதவர்கள் பழைய இசைத்தட்டையே கருவியாக்கினார்கள். தாளத்துக்குப் பேச்சைக் கட்டினார்கள். பறையடிக்கு வார்த்தை கட்டும் நமக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

2019இல் அறிவும், பீட் அமைக்கும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பெயரைக் கேட்டதும் திருக்குறள் காதில் விழும், விழட்டும். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. ஒருவர் எழுதிப் பாடுகிறார், இன்னொருவர் கணினியில் தாளமும் ஒலியும் அடுக்குகிறார். 'ஆன்டி இந்தியன்' அப்படி வந்த பாட்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்ட நாட்களில் 'சண்டை செய்வோம்' பரவியது. தெருவில் நிற்பவர்களுக்கு அன்று அது தேவைப்பட்டது.

பிறகு 2021 மார்ச் 7. 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, 'மாஜா' நிறுவனம் வெளியிட்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. காடு திருத்தித் தோட்டம் ஆக்கியவர்களிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த நிலமற்றவர்களின் கதைதான் பாட்டாகி, கல்யாண மண்டபம் முதல் விமான நிலையம் வரை ஆடவைத்தது. யூடியூபில் மட்டும் நாற்பது கோடிக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். ஆடியவர்களில் எத்தனை பேர் கதையைக் கேட்டார்கள் என்பது வேறு.

சரியாக ஒரு மாதம் கழித்து, சட்டமன்றத் தேர்தலுக்கு மறுநாள், அதே அரக்கோணம் பக்கத்தில் தலித் இளைஞர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வாரமும் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். யூடியூபில் பாட்டின் தலைப்பு 'தீ ஃபீட்சரிங் அறிவு' என்று தொடங்குகிறது. 'ஃபீட்சரிங்' என்றால் விருந்தாளியாக வந்து பங்கேற்றவர் என்று பொருள். எழுதியவரே விருந்தாளி. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு இணைய அட்டையில் அறிவு வந்தார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு ஒலித்தது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றது எதிர்த்தரப்பு. மெட்டு உட்படத் தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். இது கூட்டு உழைப்பு, அவர் பங்கை நாங்கள் மறைக்கவே இல்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். 2024இல், இந்தப் பாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளியீட்டு நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டினார்.

மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாம் வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் தகராறு வந்தபோதெல்லாம் யார் பெயர் முதலில் உதிர்ந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

கைபேசியில் பீட் போட்டுப் பாட்டுக் கட்டும் பிள்ளைகள் இன்று நம் காலனிகளில் நிறைய. அவர்களுக்காகச் சட்டத்தில் உள்ளதைச் சொல்கிறோம். 'புரொடியூசர்' என்ற சொல்லே ஒரு கண்ணி. ஹிப் ஹாப் பேச்சில் புரொடியூசர் என்றால் தாளமும் ஒலியும் கட்டுபவர். பதிப்புரிமைச் சட்டத்திலோ ஒலிப்பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்விப்பவர்தான் புரொடியூசர். ஒலிப்பதிவின் ஆசிரியராகச் சட்டம் அவரைத்தான் கருதும். காகிதத்தில் அந்தச் சொல்லுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனி. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை எழுதிக் கொடுத்தாலும் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை எழுதியவரிடமும் இசையமைத்தவரிடமும்தான் இருக்கும். வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. சினிமாப் பாட்டுக்கு மட்டுமல்ல, தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும். 57ஆம் பிரிவின்படி, எல்லாவற்றையும் விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று கோரும் உரிமை போகாது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு 1969 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராகலாம்.

சட்டம் இருப்பதும் அது நம் தெருவுக்கு வருவதும் ஒன்றல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் காத்திருந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் காகிதம் கையில் இருப்பவரின் பேச்சு வேறு மாதிரி கேட்கப்படும்.

அறிவு நின்றுவிடவில்லை. 'அம்பாசா' என்ற பெயரில் சொந்தக் குழு சேர்த்தார். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று தொகுப்பு வந்தது. அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுப் பாட்டி பாடுவதைப் பதிவு செய்யும்போது கோப்புக்கு 'கிராமியப் பாட்டு' என்று பெயர் வைக்காதீர்கள். பாட்டியின் பெயர், ஊர், தேதி போடுங்கள்.