தடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் தடை, கட்டுப்பாடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் சில, காலோடு தொடர்புடையவை. தளை எனப் பொருள்படும் 'ஃபெட்டர்', 'ஃபுட்' என்ற சொல்லுக்கு உறவு. 'இம்பீட்' என்பதற்குள் பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் வேர் உள்ளது. அதே வேரில் வந்த 'எக்ஸ்பிடைட்' காலை விடுவிப்பது, அதாவது விரைவுபடுத்துவது. (தமிழில் கால்கட்டு என்றால் திருமணம்!) 'கர்ப்' குதிரையின் கடிவாளத்திலிருந்து வந்தது.

மாணவர்களைக் குழப்புவது 'லெட்'. 'அனுமதி' என்று நாம் அறிந்த இச்சொல்லைப் போலவே, 'தடு' என்ற பொருளுடைய வேறொரு சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. எதிரெதிர்ப் பொருளுக்கு ஒரே சொல் என்றால் எப்படி? தடைப்பொருள் வழக்கொழிந்தது. ஆயினும் இந்தியக் கடவுச்சீட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' என்ற தொடரில், 'தடையோ இடையூறோ இன்றி' என்ற பொருளில், அது இன்றும் உள்ளது. டென்னிசில் சர்வ் செய்த பந்து வலையை உரசி உரிய கட்டத்தில் விழுந்தால் சொல்லப்படும் 'லெட்'டும் இதுவே என்பர். அந்தச் சர்வை மீண்டும் போட வேண்டும்.