உங்களுக்குத் தெரியுமா? வெள்ளச் சேதி சொல்லும் வாயு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தஞ்சை, திருவாரூர் வயல்களில் சம்பாப் பயிர் மூழ்கினால், அந்தச் சேதியைப் பயிரின் செல்களுக்குச் சொல்வது எத்திலீன் வாயு. வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் இதுதான்.

● செடி எப்போதும் சிறிதளவு எத்திலீனை வெளியிடும். வாயுக்கள் காற்றைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், மூழ்கிய பயிருக்குள்ளேயே அது தேங்கிவிடும்.

● தேங்கிய எத்திலீன் சாதாரண ரகங்களின் இலைகளை வேகமாக நீளவைக்கும். சேமித்த மாவுச்சத்து அதிலேயே கரைந்துபோகும். தண்ணீர் வடிந்ததும், வெளிறி மெலிந்த பயிர் சேற்றில் சாய்ந்துவிடும்.

● ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகத்தில் உள்ள சப்1ஏ மரபணு, அதே எத்திலீனால் தூண்டப்பட்டு, வளர்ச்சியை அடக்கிச் சத்தைக் காக்கிறது. 2006-இல் இது அடையாளம் காணப்பட்டது. டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர்.1009 ரகத்தில் இதைச் சேர்த்து உருவானதே சி.ஆர்.1009 சப்1. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பயிர் மீண்டும் துளிர்க்கும்.

● நம் ரத்தக்குழாய்களைத் தளரச் சொல்வதும் ஒரு வாயுவே: நைட்ரிக் ஆக்சைடு. அதன் இந்தப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தாழ்வான வயல் உள்ளவர்கள் அடுத்த சம்பாவுக்கு வேளாண் விரிவாக்க மையத்தில் சி.ஆர்.1009 சப்1 விதையைக் கேட்டுப் பாருங்கள்.