இரண்டு ஜால், இரண்டு இலை

ஜோத்பூரிலிருந்து பார்மேர் போகும் ரயில் பாதையோரம் புதர்புதராக நிற்பவை ஜால் செடிகள். பூவும் காயும் இல்லாத காலத்தில் இதன் இரு வகைகளும் ஒன்றுபோல் தெரியும். இலையைப் பார்த்தால் குழப்பமில்லை.

காரா ஜால்: 'காரா' என்றால் இங்கே உப்பு, காரமல்ல. ஆனால் இலையை மென்றால் கடுகுபோலக் காரும்! இலை அகன்று, நல்ல பச்சையாக இருக்கும். உப்பு மண்ணிலும் வளரும். மிஸ்வாக் பல்குச்சி இதிலிருந்துதான். சங்கப் பாலைப் பாடல்களின் உகாய் இதுவே என்பர்.

மீட்டா ஜால்: இலை ஒடுங்கி நீண்டு, தடித்து, சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கும். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் பீலுப் பழம் இனிக்கும், உலர்த்தியும் வைத்துக்கொள்வார்கள்.

ஒரே இலையைக் கொண்டு முடிவு கட்டாமல் நாலைந்து இலைகளைப் பாருங்கள்.

நான் பணியிலிருந்தபோது பாதையோரப் புதர்களை வெட்டச் சொன்னேன். கேங்மேன் ஒருவர் இரண்டு இலைகளைக் கையில் வைத்துக் காட்டி, "ஸாப், இந்த ஒல்லி இலையை விட்டுவிடுங்கள். மழை பொய்த்த வருஷம் எங்கள் பிள்ளைகள் தின்பது இதன் பழத்தைத்தான்" என்றார். அதற்குள் நாலு மீட்டா ஜால் சாய்ந்துவிட்டது. மற்றவை தப்பின. இலை பார்க்கக் கற்றது அன்றுதான்.