கண்ணாடிப் பேழைக்கு வெளியே ஒரு தாய்

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தையின் தாயைக் கண்டதும் நாம் கேட்பதென்ன? "என்ன எடை? மாடிப்படி ஏறினாயா?" என்பதுதானே! அக்கேள்விகள் அவளைச் சுடுகின்றன. குறைப்பிரசவத்திற்குப் பல வேளைகளில் மருத்துவர்களாலேயே காரணம் கூற இயல்வதில்லை.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டு, இன்குபேட்டர்கள் போதாமையால் டாக்டர் எட்கர் ரே என்பார் சிசுக்களைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டச் செய்தார். அதுவே கங்காரு முறை. ஏழை நாட்டு மாற்று வழியென்றே நெடுநாள் அது எண்ணப்பட்டது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வோ வேறு கூறிற்று: 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள சிசுக்களை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே அணைத்ததில் மரணம் கால் பங்கு குறைந்தது! தாய்க்கு இயலாதபோது தந்தையும் அணைக்கலாம்.

எனவே, மருத்துவர் அனுமதித்திருக்க, "நாற்பது கழியட்டும்" என்று அவளை வீட்டில் இருத்தாதீர்கள். ஏழாம் நாள் அகீகா தவறியதென வருந்தவும் வேண்டாம், பின்னரும் கொடுக்கலாம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை அவள் பால் எடுத்தனுப்ப வேண்டும். அதற்கிடையில் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் வாப்பாவுக்கு இரவுணவு கொண்டுபோவது யார்?