மூச்சு வாங்கும் எஞ்சின்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்லக் கூடாது. மீன்கள் இனம் பெருகும் காலம் அது. 61 நாள் தடை. வலைக்குத்தான் ஓய்வு, பட்டறைக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது! பலகை மாற்றுவார்கள், வர்ணம் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள்.

பழைய எஞ்சின் என்றால் ஒரே புகார்தான். காலையில் லேசில் கிளம்பாது. வெள்ளைப் புகை கக்கும். இழுவை இராது. "கம்ப்ரஷன் போய்விட்டது" என்பார் மெக்கானிக்.

அது என்ன கம்ப்ரஷன்? சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை நெருக்கினால் சூடேறும். டீசல் எஞ்சினின் உயிரே இந்தச் சூடுதான். பெட்ரோல் எஞ்சினைப் போல் தீப்பொறி தர இதில் 'பிளக்' இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்காக, சில எஞ்சின்களில் இருபதில் ஒரு பங்காகக்கூட நெருக்குகிறது. சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அதில் டீசலைப் பீச்சியதும் குப்பென்று பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ரூடால்ப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இதே வழியில் ஓடியதுதான்.

காற்று கசிந்தால் சூடு போதாது. நடுக்கடலில் நின்ற எஞ்சின் மறுபடி கிளம்பாது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். ராமேசுவரம் பக்கம் என்றால், எல்லைக்கோடு வேறு கிட்டத்தில் இருக்கிறது!

உடனே புது பிஸ்டன், புது லைனர் என்று கடன் வாங்க ஓட வேண்டாம். முதலில் 'டாப்பெட்' இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது இறுகியிருந்தால் வால்வு முழுதும் மூடாது. இதைச் சரி செய்யக் காசே ஆகாது.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி அளக்கிறார்கள். பிறகு சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கிறார்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கிலோ லைனரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ, ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். ஆயிலை அதிகம் விடக் கூடாது. ஆயில் நெருங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடே வளைந்துவிடும்!

வால்வு என்றால் பசை தடவி அரைத்து உட்கார வைப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ரிங் கரி பிடித்து ஒட்டியிருந்தால், ஊறவைத்துச் சுத்தம் செய்தாலே சில சமயம் போதும். ஆனால் லைனர் தேய்ந்து விளிம்பு தட்டிவிட்டதா? அதில் புது ரிங் மட்டும் போடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. புது ரிங் சிலிண்டரில் பதிய வேண்டும். சும்மா உறுமவிட்டால் பதியாது. தடை முடியுமுன், கட்டிய கயிற்றோடு துறைமுகத்திலேயே மிதமான சுமை கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, பழைய ஆயிலை வடித்து மாற்றிவிடுகிறார்கள்.